அவர்களே எழுதிய கடிதம்: வாசிப்பு வட்டத் தோழிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காக்களுக்கும் தோழிகளுக்கும்,

வணக்கம். போன சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் ஏன் வாயே திறக்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டீர்கள். பையனின் நீச்சல் வகுப்புக்காகப் பாதியில் எழுந்து ஓட வேண்டியிருந்தது, அது ஒன்று. பேச ஆரம்பித்தால் சட்டென்று முடிக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும், அது இன்னொன்று. வாட்ஸப் குழுவில் எழுதலாம்தான். இரண்டு இதயமும் ஒரு கும்பிடும் விழும், நாலாவது நிமிடம் யாராவது கொலு அழைப்பிதழை அனுப்பி என்னை மேலே தள்ளிவிடுவார்கள். அத்தோடு நம் அட்லாண்டா வட்டத்தின் புத்தகப் பட்டியலைப் பார்த்துத்தான் வேறு சில ஊர்களில் இருக்கிற நம்ம ஆட்களும் அடுத்த மாதம் என்ன படிப்பது என்று முடிவு செய்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

அன்றைக்கு இரண்டு முடிவு எடுத்தோம். கேத்ரின் ஸ்டாக்கெட் எழுதிய 'தி ஹெல்ப்' நாவலை இந்த ஆண்டின் முதல் பரிந்துரையாக வைப்பது ஒன்று. அதில் எனக்குச் சண்டை இல்லை. தமிழ்ப் பள்ளியின் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை வைத்து ஒரு கட்டுரைப் போட்டி நடத்துவது மற்றொன்று. தலைப்பு: 'குரலற்றவர்களின் குரலாக ஸ்கீட்டர்'. என் சண்டை அந்தத் தலைப்போடுதான். இன்னும் சரியாகச் சொன்னால் அதன் முதல் சொல்லோடு.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1962-ல் தொடங்குகிறது. ஊர், மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சன். வெள்ளைக்காரக் குடும்பங்களில் கறுப்பினப் பெண்கள் சமைக்கிறார்கள், வீடு துடைக்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். கல்லூரி முடித்து ஊர் திரும்பிய ஸ்கீட்டர் என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு எழுத்தாளராக ஆசை. அந்த வேலைக்காரப் பெண்களின் அனுபவங்களை ரகசியமாகக் கேட்டுத் தொகுத்துப் புத்தகமாக்குகிறாள். எய்பிலீன், மின்னி என்ற இரண்டு வேலைக்காரப் பெண்களும் ஸ்கீட்டரும் மாறி மாறிக் கதையைச் சொல்கிறார்கள். 60 இலக்கிய முகவர்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி, 2009-ல் புத்தகமாகி விற்றுத் தீர்ந்தது. 2011-ல் படமாக வந்தது. மின்னியாக நடித்த ஆக்டேவியா ஸ்பென்சருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

நல்ல நாவல்தான், கீழே வைக்க முடியவில்லை. குறிப்பாக ஹில்லி என்ற பாத்திரம். கறுப்பர்களிடமிருந்து நோய் தொற்றும் என்று சொல்லி, ஒவ்வொரு வீட்டிலும் வேலைக்காரிக்குத் தனிக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று பிரச்சாரமே நடத்துகிறாள். அவள் அதைப் பேசுவது தோழி வீட்டுச் சீட்டாட்ட மேசையில். பலகாரத் தட்டோடு எய்பிலீன் உள்ளேயும் வெளியேயும் போய் வந்துகொண்டிருக்கிறாள், அவள் காதுபடவே பேச்சு நடக்கிறது. அந்த வீட்டில் ஆண்கள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். வேலி போடுகிறவள் பெண், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளும் பெண். இரண்டு பேரும் ஒரே சமையலறையில் ஒரே பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு நெருக்கத்தில் இவ்வளவு பெரிய தூரத்தை வைத்துக்காட்டியதற்காக ஸ்டாக்கெட்டுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். ஜாக்சன் நகரத்து வேலைக்காரப் பெண்கள் உண்மையிலேயே குரல் இல்லாமல், யாராவது ஒரு ஸ்கீட்டர் நோட்டுப் புத்தகத்தோடு வருவாள் என்று காத்துக்கொண்டா இருந்தார்கள்?

1866 ஜூன் மாதம். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதே ஜாக்சன் நகரத்தில் துணி வெளுக்கும் கறுப்பினப் பெண்கள் 18-ம் தேதி மாலை கூட்டம் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மேயர் பேரோஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நான் அதைப் பல முறை படித்திருக்கிறேன். அரிசி விலை ஏறினால் நம் அம்மாக்கள் என்ன பேசுவார்களோ அதைத்தான் அவர்களும் பேசுகிறார்கள். சாமான் விலையும் வீட்டு வாடகையும் இப்படி ஏறிக்கிடக்கும்போது இப்போது வாங்குகிற கூலியில் நேர்மையாகப் பிழைக்க வழியில்லை, அதனால் எல்லோரும் ஒரே விலை கேட்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறோம், மீறி யாராவது குறைத்து வாங்கினால் அவர்களுக்கு நாங்களே அபராதம் போடுவோம் என்கிறார்கள். அதிகமாகக் கறக்கும் எண்ணம் எங்களுக்குக் கிடையாது, எங்கள் உழைப்பில் ஓரளவு வசதியாக வாழ்ந்தால் போதும் என்று ஒரு வரி. கடைசியில் விலைப்பட்டியல். ஒரு நாள் வெளுப்புக்கு ஒன்றரை டாலர், குடும்பத்துக்கு மாதம் 15 டாலர், தனி ஆளுக்கு மாதம் 10 டாலர். கையொப்பம்: துணி வெளுக்கும் பெண்கள்.

யாருடைய தனிப்பெயரும் அதில் இல்லை. உள்ளூர்ச் செய்தித்தாளிலும் அது அச்சானது. மிசிசிப்பியில் கறுப்பினத் தொழிலாளர்கள் அமைத்த முதல் சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான். ஸ்கீட்டர் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்காருவதற்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் முன்னாலேயே, அதே ஊரில், திறந்த மடல் எழுதியாகிவிட்டது. நான் இப்போது எழுதுவதெல்லாம் அதன் முன்னால் எம்மாத்திரம்!

அப்புறம், நாம் குடியிருக்கிற அட்லாண்டா. 1881 ஜூலையில் 20 பெண்கள் சேர்ந்து ஒரு வெளுப்புச் சங்கம் ஆரம்பித்தார்கள். மூன்றே வாரத்தில் 3,000 பேர் சேர்ந்தார்கள். வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினார்கள், தேவாலயங்களில் கூட்டம் போட்டார்கள். 12 பவுண்டு துணிக்கு ஒரு டாலர் என்பது கோரிக்கை. கைது செய்து பார்த்தார்கள், அபராதம் போட்டுப் பார்த்தார்கள். துணி வெளுக்கிற ஒவ்வொருத்தியும் வருடத்துக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்று நகர மன்றம் மிரட்டியது. அந்தப் பெண்கள் மேயருக்குப் பதில் எழுதினார்கள்: 25 என்ன, 50 கூடக் கட்டுகிறோம், ஆனால் ஊர்த் துணி முழுக்க எங்கள் பொறுப்பு என்று ஆகட்டும். முடிக்கும்போது, இந்த வாரம் இதற்கு ஒரு வழி பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளுப்பு கிடையாது என்று எழுதினார்கள். ஊரே அழுக்குத் துணியோடு உட்கார்ந்திருந்தது. இதை வெளியே கொண்டுவந்த வரலாற்றாசிரியர் டெரா ஹன்டரின் நூல் 1997-ல் வந்தது. நம் ஊர்ச் சரித்திரம். நான் இங்கே வந்து பல வருடம் எனக்கே தெரியாது, கோகோ கோலா அருங்காட்சியகத்துக்கு மட்டும் விருந்தாளிகளோடு ஏழு முறை போயிருக்கிறேன்.

அதே அட்லாண்டாவில் 1968-ல் டோரத்தி போல்டன் என்பவர் வீட்டுவேலைப் பெண்களுக்குத் தேசியச் சங்கம் தொடங்கினார். ஒன்பது வயதிலிருந்து வீட்டு வேலை செய்தவர். சங்கத்துக்கு ஆள் சேர்த்த இடம் பேருந்து. காலையில் வெள்ளையர் பகுதிக்குப் போகிற பேருந்துகளில் ஏறினால் இருக்கை முழுக்க வேலைக்குப் போகிற பெண்கள்தான். ஒவ்வொரு தடத்திலும் மாறி மாறி ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசிச் சேர்த்தார். சந்தா ஒரு டாலர், வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது நிபந்தனை.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் உங்களைச் சரித்திர வகுப்பில் உட்கார வைப்பதற்கில்லை. எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது இனி சொல்லப்போகிற ஆள்.

ஆன் மூடி. 1940-ல் மிசிசிப்பியின் கிராமப்புறத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் திண்ணையையும் நடைபாதையையும் பெருக்கும் வேலைக்குப் போனார். கூலி வாரத்துக்கு 75 சென்ட், கொஞ்சம் பால். அங்கிருந்து வேறு வேறு வீடுகள். ஒரு வீட்டில் மேசையில் கூடவே உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். இன்னொரு வீட்டம்மா வாய்த்தாள், ஹில்லியெல்லாம் அவளிடம் பாடம் படிக்க வேண்டும். அந்த வீட்டிலும் பெண்கள் கூடி டீ குடித்துக்கொண்டு பேசுவார்கள். தேநீர்த் தட்டோடு நிற்கிற பெண்ணின் காதில் என்.ஏ.ஏ.சி.பி. என்ற எழுத்துகள் முதன்முதலாக விழுவது அங்கேதான். கறுப்பர்களின் உரிமைக்கான அமைப்பு அது. அம்மாவிடம் கேட்டால், அந்தச் சொல்லை அந்த வீட்டில் வாய் தவறியும் சொல்லிவிடாதே என்கிறாள். 1955-ல் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை அடித்துக் கொன்று ஆற்றில் போட்ட சமயம், அந்த வீட்டம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆனிடம் உன் வயசு என்ன என்று கேட்கிறாள். 14 என்றதும், பார், அந்தப் பையனுக்கும் உன் வயசுதான் என்கிறாள்.  நான் ஆன் எழுதிய புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன்.

இந்த ஆன் மூடி பிறகு ஜாக்சனுக்குப் பக்கத்தில் டூகலூ கல்லூரியில் படித்தார். 1963 மே 28. ஜாக்சன் கேப்பிடல் தெருவில் உல்வொர்த் கடையின் வெள்ளையருக்கு மட்டுமான சாப்பாட்டு மேடையில் இன்னும் இரண்டு மாணவர்களோடு போய் உட்கார்ந்தார். பிறகு வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கும்பல் கூடி அடித்து, முடியைப் பிடித்து இழுத்து, தலையில் கெச்சப்பையும் கடுகுக் குழம்பையும் சர்க்கரையையும் கொட்டியது. மூன்று மணி நேரம். அந்தப் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள், முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினைந்து நாள் கழித்து, ஜூன் 12 அதிகாலை, உரிமைப் போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸ் ஜாக்சனில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை ஸ்டாக்கெட் நாவலிலும் வருகிறது. ஆன் மூடிக்கு அப்போது 22 வயது. ஸ்கீட்டருக்கும் ஏறக்குறைய அதே வயது. ஊரும் வருடமும் ஒன்றுதான். ஒருத்தி கற்பனை. மற்றவள் வீட்டு வேலை செய்த கையாலேயே பேனாவைப் பிடித்து, 1968-ல் 'கமிங் ஆஃப் ஏஜ் இன் மிசிசிப்பி' என்று தன் கதையை எழுதி வெளியிட்டவள். யாரை வைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கிறோம் பாருங்கள்.

ஸ்கீட்டரைக் குறை சொல்லவில்லை. நாவலிலேயே இது ஒருவிதத்தில் இருக்கிறது. ஊர்ப் பத்திரிகையில் வீட்டுப் பராமரிப்புக் குறிப்புப் பகுதி எழுதும் வேலை ஸ்கீட்டருக்குக் கிடைக்கிறது. கறை போக்கத் தெரியாது, பாத்திரம் விளக்கத் தெரியாது. எல்லாப் பதிலையும் எய்பிலீனிடம் கேட்டு எழுதுகிறாள், சம்பளம் இவளுக்கு. கடைசியில் ஸ்கீட்டர் நியூயார்க்குக்குப் போகிறாள், எய்பிலீனுக்கு வேலை போகிறது. ஆசிரியருக்கு இது தெரியாமல் எழுதியிருக்க முடியாது. பின்னுரையில் தன் பாட்டி வீட்டில் வேலை செய்த டெமெட்ரியைப் பற்றி எழுதும்போது, மிசிசிப்பியில் ஒரு கறுப்பினப் பெண்ணாக எங்கள் வீட்டில் வேலை பார்ப்பது உனக்கு எப்படி இருக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் யாரும் அவளிடம் கேட்டதே இல்லை என்ற பொருளில் ஒப்புக்கொள்கிறார். டெமெட்ரி இறந்தபோது ஸ்டாக்கெட்டுக்கு 16 வயது. கேட்க முடியாமல் போன கேள்விக்குக் கற்பனையில் தானே பதில் எழுதிக்கொண்ட புத்தகம் இது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படிப் படித்தால் எனக்கு அதன்மேல் பிரியம்கூட வருகிறது.

2011-ல் படம் வந்ததும் கறுப்பினப் பெண் வரலாற்றாசிரியர்கள் சங்கம் அதன் ரசிகர்களுக்கு ஒரு திறந்த அறிக்கை வெளியிட்டது. எசமானர் குடும்பத்தின்மேல் மட்டும் பாசத்தைக் கொட்டுகிற பழைய 'மேமி' என்ற கறுப்பின வேலைக்காரி பொம்மைக்கு இது புதுச் சட்டை போட்டுவிட்டது, வேலை செய்த வீடுகளில் பெண்கள் அனுபவித்த பாலியல் தொல்லை பற்றிப் பேச்சே இல்லை, கறுப்பின ஆண்களைக் காட்டிய விதம் மோசம் என்று அடுக்கினார்கள். எய்பிலீனாக நடித்த வயோலா டேவிஸும் 2018-ல், அந்த வேலைக்காரப் பெண்களின் குரல் கடைசிவரை கேட்கவே இல்லை என்று தோன்றியதாகச் சொல்லி வருத்தப்பட்டார். ஆசிரியரின் அண்ணன் வீட்டில் வேலை செய்த பெண் ஒருவர் தன் சாயலை எடுத்துக்கொண்டார் என்று வழக்குப் போட்டதும், காலக்கெடு தாண்டிவிட்டது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியதும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இதையெல்லாம் இணையத்தில் தேடினாலே கிடைக்கும். நான் சொல்ல நினைப்பது கொஞ்சம் சின்ன விஷயம்.

என் பையனைக் கைக்குழந்தையிலிருந்து மூன்று வருடம் பார்த்துக்கொண்ட ஒரு அம்மாவை உங்களில் பலர் என் வீட்டில் பார்த்திருப்பீர்கள். அறுபது தாண்டியவர், ஜார்ஜியாவின் தெற்கே பிறந்தவர், கறுப்பினத்தவர். அவருடைய அம்மா காலம் முழுக்க வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். இந்தப் படத்தைப் பார்த்தீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "பார்த்தேன். அதுல எங்க அம்மா மாதிரி யாரும் இல்ல" என்றார். ஏன் என்று கேட்டேன். பையனின் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார். "எங்க அம்மா ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவாங்க. வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு அப்படியே உட்காருவாங்க. கிட்ட போகக் கூடாதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு வச்சிருந்த சிரிப்பெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைக்கே செலவாயிருக்கும்."

அதற்கப்புறம் நாவலை மறுபடி எடுத்தேன். எய்பிலீன் 17 வெள்ளைக்காரப் பிள்ளைகளை வளர்த்தவள். அவளுக்கு ஒரே மகன், அவனும் கதை தொடங்குவதற்கு முன்பே செத்துப்போயிருக்கிறான். அதனால் அவள் பாசம் முழுவதும் மே மொப்லி என்ற வெள்ளைக்காரக் குழந்தைக்குக் கிடைப்பதில் யாருக்கும் நெருடல் வராது. வீட்டில் அம்மாவுக்காகக் காத்திருக்க ஒரு பிள்ளை உயிரோடு இருந்திருந்தால்? அந்தக் கொஞ்சல் காட்சிகளை நாம் கண்ணீரோடு படித்திருப்போமா? மின்னிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் அவள் வேலை செய்யும் வீட்டில் குழந்தையே கிடையாது. இப்படி வசதியாக அமைந்திருப்பதை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை.

இன்னொன்று கூப்பிடும் முறை. நாவல் முழுக்க ஸ்கீட்டர் எய்பிலீனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். எய்பிலீனுக்கு 53 வயது, ஸ்கீட்டரின் அம்மா வயது. அவள் திருப்பிக் கூப்பிடுவது 'மிஸ் ஸ்கீட்டர்'. இவ்வளவு ரகசியமும் ஆபத்தும் பகிர்ந்துகொண்ட பிறகும் கடைசிப் பக்கம் வரை அந்த 'மிஸ்' ஒருவழிப் பாதைதான். அந்த ஒற்றைச் சொல்லுக்காக ஒரு பெண் சிறைக்கே போயிருக்கிறார். 1963-ல் அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் போராளியை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் 'மேரி' என்று விளித்தார். மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்றார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறை, 50 டாலர் அபராதம். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வயசில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்கிற நமக்கு இது தனியாக விளக்க வேண்டியதில்லை.

விளக்க வேண்டியதில்லை என்கிறேன், ஆனால் எங்கள் தாத்தா வீட்டில் பாத்திரம் விளக்க வந்த பாட்டியை நான் ஆறு வயதில் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். யாரும் திருத்தவில்லை. கொல்லைப்புறத் துவைக்கிற கல்லின் மேல் ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும், விளிம்பு ஒருபக்கம் நசுங்கினது. அந்தப் பாட்டிக்கு மட்டும். காபியை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள்.

கூட்டத்திலும் இந்தப் பேச்சு வந்தது. "நம்ம ஊர்லயும் இப்படித்தானே" என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினோம், அடுத்த நிமிடம் பஜ்ஜி வந்தது. எனக்கு என்னவோ அந்த வாக்கியம் ஒரு கதவை மூடுவதற்காகச் சொன்ன மாதிரி இருந்தது. மிசிசிப்பியின் நிறவெறி வேறு, நம்ம ஊர்ச் சாதி வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் இரண்டையுமே திறந்து பார்க்க வேண்டியதில்லை. இன்னொரு வாக்கியமும் அன்று நாலைந்து தடவை வந்தது. "எங்க வீட்டுல வேலை செஞ்சவங்க எங்க வீட்டு மனுஷி மாதிரி." ஆலிஸ் சில்ட்ரெஸ் என்ற கறுப்பின எழுத்தாளர் 1956-ல் ஒரு புத்தகமே இந்த வாக்கியத்தைத் தலைப்பாக வைத்து வெளியிட்டார், 'லைக் ஒன் ஆஃப் தி ஃபேமிலி'. மில்ட்ரெட் என்ற நியூயார்க் வேலைக்காரப் பெண், தன் தோழியிடம் அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்லும் சின்னச் சின்னப் பேச்சுகள். முதலாவதிலேயே வீட்டம்மா விருந்தாளியிடம் இவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி என்கிறாள். குடும்பம் சாப்பாட்டு அறையில் சாப்பிடுகிறது, நான் சமையலறையில் சாப்பிடுகிறேன், அப்புறம் எந்தக் கணக்கில் நான் குடும்பம் என்று கேட்டுக் கடைசியில் சம்பள உயர்வும் கேட்டுவிடுகிறாள் மில்ட்ரெட். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது, ஏனென்றால் என் கணக்கும் அதில் இருந்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன். பையனைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாவுக்கு முதல் வருடம் முழுக்க நான் சம்பளத்தைக் காசாகக் கையில்தான் கொடுத்தேன். அவருக்கு அதுதான் வசதி என்று நானே முடிவு செய்துகொண்டேன், கேட்கவில்லை. வருமான வரி நேரத்தில்தான் கணக்கர் சொன்னார்: வீட்டு வேலைக்கு ஆள் வைத்து ஒருவருக்கு வருடத்தில் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுத்தால் (2025-க்கு அது 2,800 டாலர்) சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரியும் கட்ட வேண்டும், உங்கள் பங்கு 7.65 சதவீதம், அவர் பங்கும் அதே அளவு. கட்டாவிட்டால் அவருடைய கணக்கில் அந்த வருடம் உழைத்ததற்கான அடையாளமே இருக்காது, ஓய்வூதியம் அந்த அளவுக்குக் குறையும். 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வயல்வேலைக்காரர்களையும் வீட்டுவேலைக்காரர்களையும் வெளியே விட்டுவிட்டார்கள். வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருந்தார்கள். நிர்வாகச் சிக்கல்தான் காரணம் என்று ஒருசாராரும், தென்மாநில உறுப்பினர்களின் கைவரிசை என்று மறுசாராரும் இன்னும் வாதாடுகிறார்கள். நிரந்தரமாக வேலை செய்த வீட்டுவேலைப் பெண்களை 1950-ல்தான் உள்ளே சேர்த்தார்கள். குறைந்தபட்சக் கூலி 1974-ல்தான் வந்தது. எய்பிலீன் காலத்தில் அதுகூட இல்லை. சட்டம் வெளியே விட்டதை நான் என் வசதிக்காக மறுபடி ஒரு வருடம் வெளியே விட்டேன். பழைய வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினேன், அபராதத்தோடு. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இன்னும் அலமாரி இழுப்பறையிலிருந்து காசு எடுத்துக் கொடுக்கிறோம் என்று நான் எண்ணப்போவதில்லை. ஆனால் தனிக் கழிப்பறை கட்டிய ஹில்லியைத் திட்டுவது சுலபம், இந்தப் படிவத்தை நிரப்புவது தலைவலி என்பது மட்டும் எனக்கு அனுபவத்தில் தெரியும்.

நாவலின் சில அத்தியாயங்களைத் தமிழில் கொண்டுவரும் எண்ணம் நம்மில் ஒருவருக்கு இருக்கிறது. நல்ல விஷயம். ஒன்றே ஒன்று. மூலத்தில் எய்பிலீனும் மின்னியும் கொச்சையில் பேசுகிறார்கள், அவர்களைப் போலவே தெற்கத்தி நாக்கு உள்ள வெள்ளைக்கார வீட்டம்மாக்கள் பெரும்பாலும் திருத்தமான ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். வரலாற்றாசிரியர்களும் இந்தப் பேச்சுமொழியைக் குறை சொன்னார்கள். நம் கதைகளிலும் இந்த நோய் உண்டு. வேலைக்கார அக்கா வந்தால் 'இன்னா', 'கீது' என்று வரும், வீட்டம்மா வாயைத் திறந்தால் செந்தமிழ் சொட்டும். மொழிபெயர்க்கும்போது ஹில்லியையும் அவள் ஊர்ப் பேச்சிலேயே பேசவிடுங்கள். அவள் எவ்வளவு சாதாரணமான ஆள் என்பது அப்போதுதான் தெரியும்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நாவல் பட்டியலில் இருக்கட்டும். அதோடு ஆன் மூடியின் புத்தகத்தையும் கட்டாயம் என்று சேருங்கள், தனியாக அல்ல, இரண்டும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று. சில்ட்ரெஸ் புத்தகம் சின்னது, பிள்ளைகளே ஒரு வார இறுதியில் முடித்துவிடுவார்கள். கட்டுரைத் தலைப்பை மாற்றுங்கள். 1866 கடிதத்தை நான் தமிழில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான் வரும். அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, இந்தக் கடிதம் கையில் கிடைத்த மேயராக நீ இருந்திருந்தால் என்ன பதில் எழுதியிருப்பாய் என்று கேட்கலாம். எழுதியவர்கள் யார் என்று அவர்களுக்கே தோன்றும், நாம் சொல்ல வேண்டியிருக்காது.

நூலகத்தில் ஆன் மூடி இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று என்னிடம், இன்னொன்றுக்கு இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் மூன்று டாலருக்குக் கிடைக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு என் பையனைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாவைப் பேச அழைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, போன் செய்து கேட்டேன். என்ன கிழமை என்று கேட்டார், சனிக்கிழமை என்றேன்.

"அன்னிக்கு முடியாதும்மா. அது என் பேரப்பிள்ளைங்களோட நாள்."

அன்புடன்,
உங்கள் வட்டத்தில் ஒருத்தி